வெளித்தெரியும் கான்கிரீட் முகப்பு: ஒட்டு தெரியாமல் பழுதுபார்ப்பது எப்படி?

கேள்வி:
1960களில் கட்டியது. பூச்சே இல்லாத கான்கிரீட், பலகை அச்சின் வரிகள் அப்படியே தெரியும். ஆங்காங்கே உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்கிறது. முழுக்கப் பூசி பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில் 1:
பூசினால் கட்டடத்தின் முகமே போய்விடும், வேண்டாம். சுத்தியலால் தட்டி, பொள்ளலாகக் கேட்கும் இடங்களைக் குறியுங்கள். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசல் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை மிச்சமிருக்கிறது. நிறமே வராத ஆழம்வரை கார்பனேற்றம் (காற்றின் கரியமில வாயு காரத்தன்மையைப் போக்குவது) இறங்கிவிட்டது. அது கம்பியை எட்டியதா என்பதுதான் முக்கியம்.

பதில் 2:
பழுதான இடத்தின் ஓரத்தைப் பலகை வரியை ஒட்டியே, 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக அறுங்கள். சரிவாக விட்டால் மெல்லிய ஓரம் உதிரும். கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. தோண்டி, துருவை முழுக்க நீக்குங்கள். பழைய பரப்பு ஈரமாக இருக்கணும், தண்ணீர் நிற்கக்கூடாது. குழியை நிரப்பும் கலவை இறுகிய பின் பழைய கான்கிரீட்டைவிட ரொம்ப விறைப்பாக இருந்தால் ஓரம் விரிசல் விடும். நிறத்தைச் சிமென்ட், மணல் தேர்விலேயே கொண்டுவாருங்கள். கலவையில் மாதிரித் துண்டுகள் வார்த்து, நன்றாக உலர்ந்த பிறகே ஒப்பிடுங்கள். ஈரத்தில் எல்லாமே கருமையாகத்தான் தெரியும். வரிக்கு, அதே அகலப் பலகையை அச்சாக வையுங்கள்.

பதில் 3:
குளோரைடு சோதனையை விட்டுவிடாதீர்கள். உப்பு ஏறிய கான்கிரீட்டில் ஒட்டு மட்டும் போட்டால், அதைச் சுற்றியுள்ள கம்பி ஆனோடாகி (மின்வேதி வினையில் அரிக்கப்படும் முனையாகி) வேகமாகத் துருப்பிடிக்கும். ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு துத்தநாக ஆனோடு கட்டினால், கம்பிக்குப் பதில் துத்தநாகம் அரியும், துரு கட்டுப்படும்.