அறுப்புக்கு முன்னால் வந்த குறுஞ்செய்தி

கடைக் கணக்கர், அம்பாசமுத்திரம்:

நான் கணக்கு எழுதும் விதை, உரக் கடையில் வியாபாரத்தின் பெரும்பகுதி கடனில்தான் நடக்கிறது. ஐப்பசியில் பிசானப் பருவ நெல் நடவுக்கு உரம் வாங்கும் விவசாயி, மாசி பங்குனியில் அறுவடை முடிந்து நெல்லை விற்ற பிறகு பணம் தருவார். அதுவரை அதை நாங்கள் பாக்கி என்று நினைப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. நடவோ பாபநாசம் அணைத் தண்ணீரையும் மழையையும் பொறுத்தது என்பதால், பணம் வரும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நாங்களும் யாருக்கும் சொல்ல நேர்ந்ததில்லை.

எங்கள் கடைக்கு மென்பொருள் எழுத வந்த இளைஞர்கள் பில், சரக்கிருப்பு, ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். "கடன் கெடு எத்தனை நாள்?" என்று அவர்கள் கேட்டபோது, உரக் கம்பெனிகள் நமக்குத் தரும் கெடுவைக் கேட்கிறார்கள் என்று எண்ணி முதலாளி 90 நாள் என்றார்.

தை மாதத்தில் ஒரு காலை, கெடு தாண்டியதாகக் கணினி கருதிய அத்தனை பேருக்கும் தானாகவே குறுஞ்செய்தி போய்விட்டது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஒருவர் கைப்பேசியை மேசைமேல் வைத்து, "அண்ணாச்சி, கதிரு இன்னும் முத்தல, அதுக்குள்ள துட்டு கேட்டு மெசேஜ் அனுப்புதியளே?" என்றார். அறுப்புக்கு முன் கடனைக் கேட்பது, உன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஊரறியச் சொல்வதாகத்தான் இங்கே கொள்ளப்படும்.

மென்பொருள் நிறுவனத்தை அழைத்தபோது, "சிஸ்டம் சரியாகத்தானே வேலை செய்கிறது, சார்" என்ற பதில் வந்தது. தேவைகளை எழுதிய தாளில் முதலாளியின் கையெழுத்து இருப்பதையும் நினைவூட்டினார்கள். அவர்களுக்கு அது ஒப்புதல். சரக்கு இறங்கும்போதெல்லாம் சலானில் கையெழுத்திட்டுப் பழகிய எங்கள் முதலாளிக்கோ, தாள் வந்து சேர்ந்தது என்பதற்கான கையெழுத்து. இரு தரப்பாரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

மென்பொருளாளர், பாளையங்கோட்டை:

உங்கள் கடைக்கு வந்தவர்களை நான் அறியேன். ஆனால் அவர்கள் செய்யும் வேலையைத்தான் நானும் செய்கிறேன். ஓர் ஆலோசனை நிறுவனத்தில், பலர் தகவலைப் பகிர்ந்து வேலை செய்ய உதவும் லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருள் புகுத்தப்பட்டதை ஆராய்ந்து, வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி, டெப்ரா காஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதியபோது, தொழில்நுட்பக் குழுவினர் அதைக் கூடி வேலை செய்வதற்கான வழியாகவும், பயன்படுத்தியவர்கள் தத்தம் சொந்த வேலைக்கான கருவியாகவும் பார்த்ததைக் காட்டினார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்குள்ளேயே இந்த இடைவெளி இருந்தது.

ஆகவே நான் கேள்வித்தாளோடு தொடங்குவதில்லை. முதலில் பழைய கடன் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுகிறேன். பங்குனியில் வரவுப் பக்கம் நிறைந்திருப்பதைக் கண்ட எவரும் 90 நாள் என்று எழுத மாட்டார்.

நாள் கணக்கை நீக்கிவிட்டு, கார், பிசானம் என்று பருவத்தைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். கணக்கர் தம் கையால் தேதியை இடும்வரை எந்தச் செய்தியும் போகக் கூடாது. கடைமடையில் தண்ணீர் பிந்தி வரும் வயல்களுக்குத் தனித் தேதி வேண்டுமானால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மென்பொருள் எழுதுபவர்கள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள்.