அவசரம்: ஸ்போர் (காளானோட விதைத்தூள்) நிறமில்லாம முட்டை வடிவத்துல தெரியுது, இது என்ன காளான்?

சாரல்72 | காலை 7.40
மழைக்கப்புறம் பெருசா முளைச்சிருக்கு. வெள்ளைக் குடை, மேல பழுப்புச் செதில். மைக்ராஸ்கோப்ல பார்த்தேன், ஸ்போருக்கு நிறமே இல்ல, முட்டை மாதிரி, ஒரு முனை மட்டும் வெட்டிவிட்ட மாதிரி. வெள்ளை ஸ்போர்னா சாப்பிடலாம்தானே? மதியம் குழம்புக்கு வீட்ல கேக்குறாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

குடைவிரி | 7.52
குழம்பை மறந்துடுங்க முதல்ல. ஆளைக் கொல்லுற அமானிட்டாக்களுக்கும் வெள்ளை ஸ்போர்தான்.
இனி கேள்வி: முளைச்சது புல்தரையா, எருக்குழியா, புற்றா, மரத்தடியா? தண்டுல வளையம் இருக்கா, இருந்தா மேல கீழ நகருதா? அடித்தண்டைச் சுத்திப் பை மாதிரி உறை இருக்கா? குடைக்கு அடியில செவுள் என்ன நிறம்?

புற்றுக்கண் | 7.58
இடி இடிச்ச மழைன்னா புற்றுக்காளான்தாங்க, வேற யோசனையே வேண்டாம். அதுல டெர்மிட்டோமைசீஸ் ஹீமியைங்கிற வகைக்கு வளையம்கூட உண்டு. தோண்டிப் பாருங்க, தண்டு வேர் மாதிரி கறையான் கூடு வரைக்கும் இறங்கும். குடை நடுவுல கூம்பா ஒரு முனை இருக்கும்.

மூத்தோன் | 8.10
படம் இல்லை. இடம் இல்லை. அளவு இல்லை. ஸ்போரைப் பிரிண்டிலிருந்து (குடையிலிருந்து தானாக விழுந்து படிந்த தூளிலிருந்து) எடுத்தாரா, செவுளைக் கீறி எடுத்தாரா என்பதும் இல்லை. ஆனால் மதியம் குழம்பு உண்டு! கீறி எடுத்தால் பாதி முதிராத ஸ்போர், மீதி ஸ்போரைத் தாங்கும் பேசிடியம் செல். அளவும் நம்பத் தக்கதல்ல, நிறமும் நம்பத் தக்கதல்ல. இதை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது?

லென்ஸ்துணி | 8.21
எந்த லென்ஸ்ல பார்த்தீங்க? ஐபீஸ்ல (கண் வச்சுப் பார்க்கிற லென்ஸ்ல) அளவுகோல் இருந்தா கேலிபரேட் பண்ணிட்டு அளவு சொல்லுங்க. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர்ங்கிற அளவுகோல் ஸ்லைடுல 1 மில்லிமீட்டரை 100 பாகமாப் பிரிச்சிருப்பாங்க, ஒரு பாகம் 10 மைக்ரான். அதுல 10 பாகத்துக்கு உங்க ஐபீஸ் கோடு 40 பொருந்துச்சுன்னா ஒரு கோடு 2.5 மைக்ரான். லென்ஸ் மாத்தினா திரும்பவும் பண்ணணும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் கையில இல்லன்னா, காய்ஞ்ச ரத்தப்பூச்சு ஸ்லைடுல சிவப்பணு சுமார் 7 மைக்ரான்னு வச்சு ஒப்பிடலாம், குத்துமதிப்புக்குத்தான். 20 ஸ்போராவது அளங்க. நீளமும் அகலமும் தனித்தனியா.

சாரல்72 | 9.05
பள்ளிக்கூட மைதானம், புல்லு. வட்டமா நிறைய முளைச்சிருக்கு. வளையம் இருக்கு, நகருது. திருகிப் பிடுங்கினேன், அடி தெரியல. செவுளை பிளேடால கீறித்தான் பார்த்தேன், 400 மடங்கு. ராத்திரி பூரா வெள்ளைத்தாள்ல குடைய வச்சேன், ஒண்ணுமே விழல. 100 மடங்கு லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல விடுற எண்ணெய் இல்ல, தேங்காய் எண்ணெய் போடலாமா?

லென்ஸ்துணி | 9.09
ஐயோ, வேண்டாம்ங்க.

பனையோலை | 9.14
தேங்காய் எண்ணெய் சரிவராது, ஒளிவிலகல் எண் 1.45தான். விளக்கெண்ணெய் 1.48, இதுக்குன்னே இருக்கிற இம்மர்ஷன் ஆயில் 1.515. அவசரத்துக்கு விளக்கெண்ணெய் தாராளமாப் போதும்.

லென்ஸ்துணி | 9.20
1.48க்கும் 1.515க்கும் நடுவுலதான் கூர்மை போகுது. போதாததுக்கு விளக்கெண்ணெய் பிசினு, லென்ஸ் விளிம்புல ஏறினா யார் துடைக்கிறது?

பனையோலை | 9.26
பழைய ஆளுங்க போட்ட சீடர் (cedar) மர எண்ணெய் லென்ஸ்லயே காய்ஞ்சு இறுகும். அதுக்கு விளக்கெண்ணெய் எவ்வளவோ மேல். எண்ணெயே இல்லாம பார்த்தா நடுவுல காத்துதான், அது 1.00. கணக்குப் போட்டுப் பாருங்க.

மூத்தோன் | 9.31
10 மைக்ரான் ஸ்போருக்கு 100 லென்ஸே தேவையில்லை. 40 போதும். அந்த 40 லென்ஸில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டாலே புண்ணியம்.

செங்காந்தள் | 9.40
எண்ணெய்ச் சண்டையை ஓரமா வைங்க. மைதானப் புல், வட்டமா முளைச்சது, நகருற வளையம், பழுப்புச் செதில், ஸ்போர்ல வெட்டின முனை. எனக்கு இது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டீஸ்னு படுது. விஷம். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துல கடுமையான வாந்தி, பேதி. கொதிக்க வச்சாலும் நம்ப முடியாது.

வெட்டின முனைதான் முக்கியத் தடயம். ஸ்போர் முளைச்சு வர்ற துளை அங்கதான் இருக்கு. டெர்மிட்டோமைசீஸ் ஸ்போர்ல துளை கிடையாது, அமானிட்டாவுலயும் கிடையாது. அதனால புற்றுக்கண் அண்ணே, இது உங்க ஆள் இல்ல. டெர்மிட்டோமைசீஸோட பிரிண்ட் இளஞ்சிவப்பு கலந்த சந்தன நிறத்துல விழும்.

நிறமில்லாமத் தெரியுதேன்னு ஏமாறாதீங்க. இந்தக் காளானோட ஒத்தை ஸ்போர் மைக்ராஸ்கோப் வெளிச்சத்துல கிட்டத்தட்ட நிறமில்லாமத்தான் தெரியும். லட்சக்கணக்குல குவிஞ்சாத்தான் மங்கின பச்சை. அதுக்குத்தான் பிரிண்ட்.

ராத்திரி விழாததுக்குக் காரணம், நீங்க எடுத்தது அரைகுறையா விரிஞ்ச குடையா இருக்கும். இதுல செவுள் ரொம்ப நேரம் வெள்ளையாவே இருந்து, முத்தின பிறகுதான் சாம்பல் பச்சைக்கு மாறும். மைதானத்துல நல்லா விரிஞ்சு தட்டையானதை எடுங்க, தண்டைச் செவுள் மட்டத்துக்கு வெட்டுங்க, செவுள் கீழ பார்க்க கண்ணாடி ஸ்லைடு மேல வைங்க. குடை மேல ஒரு சொட்டுத் தண்ணி, மேல டம்ளர் கவிழ்த்து 6 மணி நேரம், ஃபேன் காத்து படாம. தாளை விட ஸ்லைடு நல்லது. வெள்ளை மேலயும் கறுப்பு மேலயும் மாத்தி வச்சுப் பார்க்கலாம், பிளேடால சுரண்டிச் சின்னக் குவியலாக்கி பகல் வெளிச்சத்துல நிறம் பார்க்கலாம். டியூப் லைட்டுல பார்த்துட்டு வெள்ளைன்னு எழுதாதீங்க.

பனையோலை | 9.52
ஸ்போர் மேல டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டா செம்பழுப்பு ஆகுமே, அதோட முடிஞ்சுதே?

மூத்தோன் | 10.04
முடியவில்லை. அதற்கு மெல்ஸர் கரைசல் வேண்டும்: அயோடின் 0.5 கிராம், பொட்டாசியம் அயோடைடு 1.5 கிராம், தண்ணீர் 20 மில்லி, குளோரல் ஹைட்ரேட் 22 கிராம். கடைசிப் பொருள் நச்சு, கடையில் கேட்டதும் தர மாட்டார்கள். வெறும் அயோடினில் நீல மாற்றம் தெரியலாம், செம்பழுப்பை நம்பக் கூடாது. கேஓஎச்சில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) நனைத்த ஸ்லைடிலேயே மெல்ஸரை விடவும் கூடாது, இரண்டும் வினைபுரிந்து சோதனை கெடும். அதைவிட முக்கியம்: செம்பழுப்பு ஆனாலும் குளோரோஃபில்லமா, அதைப் போலவே தோன்றும் மேக்ரோலெபியோட்டாவா என்று பிரியாது, இரண்டுமே அப்படித்தான் ஆகும். மேக்ரோலெபியோட்டாவுக்குப் பிரிண்ட் வெள்ளை. ஆகவே நிறம்தான் தீர்ப்பு. செங்காந்தள் சொன்னது சரி.

செங்காந்தள் | 10.06
மூத்தோன் வாயால சரின்னு வந்துடுச்சு. தேதி குறிச்சு வைங்கப்பா.

மல்லித்தழை | 11.30
எங்க ஊர்ல காளான் கூட வெள்ளி ஸ்பூனோ அரிசியோ போட்டு வேகவைப்பாங்க. கறுக்கலைன்னா சாப்பிடலாம்.

குடைவிரி | 11.34
தயவுசெஞ்சு இதை இங்க எழுதாதீங்க. அமானிட்டா விஷம் வெள்ளியைக் கறுக்க வைக்காது, அரிசி நிறத்தையும் மாத்தாது, வேகவச்சாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரம் கழிச்சுத்தான் வயித்துல தெரியவே ஆரம்பிக்கும், அதுக்குள்ள கல்லீரல் வேலை நடந்துட்டிருக்கும். யாராவது தெரியாம சாப்பிட்டிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, மிச்சக் காளானைத் தாள்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் பையில போட்டா அழுகிடும்.

புற்றுக்கண் | பிற்பகல் 12.15
வளையம் நகருதுன்னு சொன்னதை நான் கவனிக்கல. ஹீமியையில நகராது. ஆனாலும் அடி வரைக்கும் தோண்டாம பிடுங்கினது தப்புதான், அதுல நான் இறங்கி வர மாட்டேன்.

பனையோலை | 12.40
லென்ஸ்துணி, கிளிசரின் 1.47. அப்ப விளக்கெண்ணெய் அதை விட மேலதானே?

லென்ஸ்துணி | 12.43
கிளிசரினை ஊத்தச் சொன்னது யாருங்க?

சாரல்72 | மாலை 5.50
ஸ்லைடுல விழுந்துடுச்சு. வெள்ளை மேல வச்சா காய்ஞ்ச வேப்பிலைத் தூள் மாதிரி மங்கின பச்சை. பிரிண்ட்ல இருந்து எடுத்து 10 அளந்தேன், 9லேருந்து 12 மைக்ரான் வரைக்கும் நீளம். குழம்பு கத்திரிக்காய்.

மூத்தோன் | 5.58
அகலம்?