டைபாய்டு வந்து போனவர்களும் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?

என் கணவருக்கு டைபாய்டு வந்து குணமானதும், உடம்பு தேறிய பிறகு வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வந்து போன காய்ச்சலுக்கு எதற்கு ஊசி என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். தட்டம்மை போல ஒருமுறை வந்தால் முடிந்தது என்பது அவர் கணக்கு. டைபாய்டு அப்படியில்லையாம், படுத்து எழுந்தவரே மறுபடியும் படுக்கலாம் என்றார் டாக்டர். கடைசியில் கணவரோடு நானும் போட்டுக்கொண்டேன். கை கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது இப்படிச் சொன்னார்களா?

—

எனக்கும் சொன்னார்கள். ஆனால் எந்த ஊசி என்று கேட்டீர்களா? இரண்டு வகை இருக்கிறது. எங்கள் பெரியவனுக்குப் போட்டது பழைய பாலிசாக்கரைடு வகை. கிருமியின் சர்க்கரை உறை மட்டும்தான் அதில் இருக்கும். கைக்குழந்தையின் உடம்பு அதைச் சரியாக அடையாளம் காணாது. அதனால் 2 வயதுக்கு மேல்தான் போடுவார்கள். பாதுகாப்பும் 3 ஆண்டுக்குள் குறைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். சின்னவளுக்குப் போட்டது கான்ஜுகேட். அதே உறையை ஒரு புரதத்தோடு பிணைத்திருப்பதால் 6 மாதக் குழந்தைக்கும் வேலை செய்யும், ஒரே டோஸ். உலக சுகாதார நிறுவனம் 2018இல் இதற்குத்தான் முன்னுரிமை தந்தது. பாகிஸ்தானில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத டைபாய்டு பரவியபோது, சிந்து மாகாணத்தில் 2019இல் குழந்தைகளுக்குப் போட்டதும் இந்த வகைதான்.

—

ஊசி என்றாலே எனக்குத் தலை சுற்றும் (சிரிக்காதீர்கள்). வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் டைபாய்டு தடுப்பு மருந்தைக் கேப்ஸ்யூலாக வாங்கிக்கொண்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், மெல்லாமல் விழுங்க வேண்டும். உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமி என்பதால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அந்தச் சமயம் ஆன்டிபயாடிக் எடுத்தால் கிருமி செத்துவிடும், மருந்து வீண். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இது கிடையாது.

—

நான் ஊசி போட்டவன்தான். அப்புறமும் விடாத காய்ச்சல். "ஊசி போட்டாச்சு, டைபாய்டா இருக்காது" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) பாராடைபாய்டு ஏ வந்தது! டைபாய்டு போலவே இருக்கும், ஆனால் கிருமி வேறு. அந்தக் கிருமிக்கு, மேலே சொன்ன சர்க்கரை உறையே (பெயர் Vi) கிடையாதாம், இந்த ஊசி எப்படிப் பிடிக்கும்? டைபாய்டுக்கும்கூட நூறு சதவீதக் காவல் இல்லை. காய்ச்சல் இறங்காவிட்டால், ஊசி போட்டதைச் சொல்லிவிட்டு டெஸ்ட் எடுங்கள்.

—

பதில்களுக்கு நன்றி. சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், எங்களுக்குப் போட்டது கான்ஜுகேட். மாமியார் இப்போது தனக்கும் போடலாமா என்கிறார். 65 வயதுக்கு மேல் யாராவது போட்டுக்கொண்டீர்களா?