செக்குபந்தியில் கிடைத்த சம்பந்தி வம்சம்: அமெரிக்கப் பண்ணைக் குடும்பங்களைத் தேடிய அனுபவங்கள்

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பத்திரம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மகள் மாசச்சூசெட்ஸில் இருக்கிறாள். வந்தால் ஆறு மாதம், வேலை ஒன்றும் கிடையாது. மருமகன் அமெரிக்கர். சம்பந்தியம்மாவின் தாய்வழி முன்னோர் 1700களிலிருந்து வூஸ்டர் கவுண்டிப் பக்கம் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) விவசாயம் செய்தவர்கள். போன வருடம் அவர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, "நீங்கள் பத்திர ஆபீஸ்காரர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். அத்தை ஒருவர் கைப்பட வரைந்த வம்சாவளி, இரண்டு பழைய கிரயப் பத்திரங்கள், பைபிளிலிருந்து கிழித்த ஒரு பக்கம், இவ்வளவுதான் பெட்டியில். எனக்குக் கை பரபரத்தது.

முதலில் எல்லாரும் செய்யும் தப்பையே நானும் செய்தேன். பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். ஒரே ஊரில், ஒரே பெயரில், ஒரே காலத்தில் மூன்று பேர்! ஒருவர் சீனியர், ஒருவர் ஜூனியர், இன்னொருவர் 'மூன்றாமவர்'. அப்பா, பிள்ளை, பேரன் என்று அழகாகக் கோத்து மருமகனிடம் காட்டியும் விட்டேன். அந்தக் காலத்தில் அந்த வார்த்தைகளுக்கு அந்தப் பொருள் இல்லையாம். ஊரில் வயதில் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். சித்தப்பனும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், ஒட்டும் உறவும் இல்லாதவர்களாகவும் இருக்கலாம். சீனியர் செத்துப்போனால் ஜூனியர் சீனியராகிவிடுவார். மூன்று வாரம் வீண்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். அத்தையின் வம்சாவளியில் மூத்த பிள்ளை பிறந்த ஆண்டை யாரோ அடித்து, 1732 என்று திருத்தியிருந்தார்கள். ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தால் கல்யாணம் 1730 ஏப்ரல், பிள்ளை 1730 பிப்ரவரி. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளையா என்று பயந்து, யாரோ குடும்ப மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சம்பந்தியம்மாவுக்கும் அது தெரியும் போல, அந்த இடம் வந்ததும் டீ போட எழுந்து போய்விட்டார். விஷயம் என்னவென்றால், 1752க்கு முன் ஆங்கிலேயர் ஆண்ட இடங்களில் புத்தாண்டு மார்ச் 25. ஏப்ரலில் தொடங்கி பிப்ரவரி வரை எல்லாமே அதே 1730தான். நம் கணக்கில் அந்தப் பிள்ளை 1731 பிப்ரவரியில், கல்யாணமாகிப் பத்தாவது மாதம், முறையாகப் பிறந்திருக்கிறது. கவனமான எழுத்தர்கள் 1730/1 என்று இரட்டை ஆண்டாகப் போடுவார்கள், இந்த ஊர்க்காரர் போடவில்லை. ஓர் எழுத்தரின் சோம்பலால் ஒரு குடும்பம் எத்தனை தலைமுறை வாய்மூடி இருந்திருக்கிறது பாருங்கள். சொன்னதும் சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் மருமகன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கை கொடுக்கும் என்று நினைத்தேன். முதல் கணக்கெடுப்பு 1790. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1790இல் வெள்ளைக்கார ஆண்களையாவது பதினாறு வயதுக்கு மேல், கீழ் என்று பிரித்தார்கள். பெண்கள் கைக்குழந்தை முதல் கிழவி வரை ஒரே கட்டம். 'பெண்கள் 6' என்றால் அதில் மனைவி யார், மாமியார் யார், மகள் யார்? அடிமையாக இல்லாத எல்லாருடைய பெயரும் வருவது 1850இல்தான். அதிலும் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதத் தொடங்கியது 1880இல்.

கடைசியில் எனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினேன். பத்திரம்.

பெட்டியில் இருந்த கிரயப் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அடையாளமிட்ட ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, தெற்கே 32 ராட் போய் ஒரு கற்குவியல், அங்கிருந்து மேற்கே இன்னார் நிலத்தை ஒட்டி ஓடை வரை... அட, இது நம் பத்திரங்களில் நிலத்தின் நான்கு எல்லைகளையும் எழுதும் செக்குபந்திதானே! ஒரு ராட் என்பது பதினாறரை அடி. நான்கு ராட் ஒரு செயின், 66 அடி, நூறு லிங்க். நம்மூர்ப் பழைய புலப்படங்களில் பார்த்த அதே சங்கிலி. 160 சதுர ராட் ஓர் ஏக்கர். கையெழுத்துதான் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. 'எஸ்' எழுத்தை இழுத்து 'எஃப்' மாதிரி எழுதுவார்கள், ஜெஸ்ஸி என்ற பெயரை ஜெஃப்ஸி என்றே ஒரு வாரம் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்திரத்தில் விற்பவர், வாங்குபவரை எல்லாரும் பார்ப்பார்கள். நான் நான்கு பக்கமும் யார் நிலம் என்று பார்ப்பவன். பங்காளிகள் நிலம் பக்கத்தில்தான் இருக்கும், பெண் எடுத்த வீடும் பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். மேற்கு எல்லைக்காரரின் பெயரை எடுத்துக்கொண்டு அவருடைய பத்திரங்களைத் தேடினேன். வூஸ்டர் கவுண்டி 1731இல் உருவானது. அதற்கு முந்தையவற்றைத் தாய்க் கவுண்டிகளில் பார்க்க வேண்டும், சார்பதிவகம் பிரிந்தால் பழைய பத்திரத்துக்குத் தாய் அலுவலகம் போவோமே, அதே கதை. இப்போது ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கையெழுத்துப் பத்திரங்களையே கணினி படித்து, உள்ளே இருக்கும் சொல்லைத் தேட வழி செய்திருக்கிறார்கள். 2024இல் வந்த வசதி, காசில்லை. அட்டவணையில் பெயர் இல்லாத சாட்சியும் எல்லைக்காரரும்கூட அதில் அகப்படுவார்கள்.

அகப்பட்டது. மேற்கு எல்லைக்காரர் இறந்தபின் வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து, தங்கள் பின்னப் பாகத்தை ஒரு சகோதரருக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம். மகன்கள் மூன்று பேர், மகள்கள் நான்கு பேர், ஒவ்வொரு மகளுக்கும் கணவர் பெயரும் ஊரும். மூன்றாவது மகளின் கணவர் எங்கள் ஆள்! அத்தையின் வம்சாவளியில் 'மனைவி' என்று மட்டும் எழுதிக் கோடு போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு பெயர் வந்துவிட்டது: தேங்க்ஃபுல். அந்தக் காலத்துப் பெயர்கள் அப்படித்தான், அக்கம்பக்கத்தில் ஒரு சைலன்ஸ்கூட இருந்தார். பெண் குழந்தைக்கு மௌனம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

தேங்க்ஃபுல் கைம்பெண்ணான பிறகு நடந்ததும் கிடைத்தது. மனைவிக்கு ஆயுள் வரை மூன்றில் ஒரு பங்கு அனுபவ உரிமை என்பது அன்றைய சட்டம். நீதிமன்றம் அனுப்பிய மூன்று பேர் வந்து, வீட்டையே அளந்து பிரித்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் மேற்கு அறை, நிலவறையில் மூன்றில் ஒன்று, அடுப்பில் ரொட்டி சுடும் உரிமை, கிணற்றுக்குப் போகவர வழி, தொழுவத்தில் கிழக்கு ஓரம். மீதியெல்லாம் மகனுக்கு. ஒரே அடுப்பு, அதில் மாமியாருக்கு எழுத்துமூல உரிமை. அந்த மருமகளை நினைத்துப் பார்த்தேன்.

மற்றவர்களுக்கு எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

*

ஐயா, நான் ஓஹியோவிலிருந்து எழுதுகிறேன். என் கணவரின் தாத்தா வழியில், 'நம் முன்னோர் அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்' என்று தேங்க்ஸ்கிவிங் தோறும் ஒரு பேச்சு ஓடும். மாமனார் அதைச் சொல்லாமல் வான்கோழியில் கத்தியை வைக்க மாட்டார். சரி என்று ஓய்வூதியக் கோப்பைத் தேடினேன். இருந்தது. ஆனால் நிராகரிக்கப்பட்ட கோப்பு! 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஆறு மாதம் சேவை செய்திருக்க வேண்டும். இவர் நிரூபித்தது ஐந்து மாதத்துக்குச் சற்றே மேல். மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அப்புறம்தான் கோப்பை முழுசாகப் படித்தேன். பணம் கிடைக்காவிட்டால் என்ன, வாக்குமூலம் அப்படியே இருக்கிறது. எங்கே எப்போது பிறந்தீர்கள், வயதுக்கு ஆதாரம் உண்டா, படையில் சேரும்போது எந்த ஊர், அதன் பிறகு எங்கெல்லாம் வாழ்ந்தீர்கள் என்று எல்லாரிடமும் கேட்பார்கள். எழுபது தாண்டிய விவசாயி கவுண்டி நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். பிறந்தது கனெக்டிகட், பிறகு வெர்மான்ட், '1816 குளிருக்குப் பிறகு' ஓஹியோ. அந்த வருடம் ஜூன் மாதத்திலேயே நியூ இங்கிலாந்தில் பனி பெய்தது. முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவு, அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? சோளம் கருகியதும் பல குடும்பங்கள் மேற்கே வண்டி கட்டிவிட்டன. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத வெர்மான்ட் ஊர் இப்படித்தான் தெரியவந்தது.

மாமனாரிடம் வாக்குமூலத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். நிராகரிப்புத் தாள் என் இழுப்பறையில் இருக்கிறது.

ஒரு துணுக்கு: விவசாயக் குடும்பம் என்றால் 1850 முதல் 1880 வரையிலான வேளாண் அட்டவணையை விடாதீர்கள். ஆள் கணக்கோடு பண்ணைக் கணக்கும் தனியாக எடுத்தார்கள். எத்தனை கறவை மாடு, எத்தனை ஏர் மாடு, எத்தனை பவுண்டு வெண்ணெய், கம்பளி, மேப்பிள் சர்க்கரை எல்லாம் இருக்கும். எங்கள் ஆள்களுக்கு வெண்ணெய்க் கணக்கு அக்கம்பக்கத்தாரைவிட இரட்டிப்பு. கடைந்த பெண்ணின் பெயர்தான் அந்தத் தாளில் கிடையாது.

*

நான் சுருக்கமாக முடிக்கிறேன். காசு கொடுத்து ஓர் ஆளிடம் வேலையை ஒப்படைத்தேன். வந்தது சட்டம் போட்ட 'குடும்பச் சின்னம்', சிங்கமும் கேடயமுமாக. இங்கிலாந்தில் அந்தச் சின்னங்கள் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டவை, ஒரு குடும்பப்பெயர் உள்ள எல்லாருக்கும் பொதுவானவை அல்ல. பன்றி வளர்த்த குடும்பத்துக்குச் சிங்கம் எதற்கு? கூடவே 1890 கணக்கெடுப்பில் பார்த்ததாக ஒரு குறிப்பு. 1890 தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் போனவை. அந்த ஒரு வரியிலேயே ஆளைத் தெரிந்துகொண்டேன்.

*

வட கரோலினாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர், கறுப்பினத்தவர். அவருடைய தாத்தா வரை புகையிலை விவசாயம். அவருக்கு உதவப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மேலே ஐயா 'பெண்கள் வெறும் எண்' என்றார். இவர்கள் வீட்டில் ஆண்களும் அப்படித்தான். 1870க்கு முன்னால் போனால் சுவர். 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, ஆண் பெண், நிறம் மட்டும். '35, ஆண், கறுப்பு.' அது கொள்ளுத்தாத்தாவா இல்லையா என்று அந்த வரியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சொல்ல முடியாது.

நாங்கள் பின்பற்றியதும் நிலத்தைத்தான். 1880 வேளாண் அட்டவணையில் பண்ணை சொந்தமா, பணக் குத்தகையா, விளைச்சலில் பங்கு தரும் வாரமா என்று மூன்று கட்டங்கள் உண்டு. இவர்களுக்கு வாரம். 1870 கணக்கெடுப்பில் அடுத்தடுத்த வீடுகளில் யார் என்று பார்த்தோம். பெரிய நிலக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பாவின் சொத்துப் பட்டியல் கவுண்டி ஆவணத்தில் கிடைத்தது. ஏர், வண்டி, இரண்டு கழுதை, அதற்கடுத்த வரிகளில் ஆட்கள், பெயரோடும் விலையோடும். பெயர் பொருந்தியது, வயது பொருந்தியது, கூட இருந்த பெண்ணின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் பொருந்தின. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பிறப்புச் சான்று தேடினேன், விலைச்சீட்டு கிடைத்திருக்கிறது" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

பிறகு இன்னொரு நாள், அதே ஆள் பிற்காலத்தில் 20 ஏக்கர் வாங்கிய கிரயப் பத்திரம் அகப்பட்டது. நிலத்தின் ஒரு மூலைக்கு அடையாளமாகச் சொல்லியிருந்தது பழைய எஜமானரின் வேலி. பக்கத்து வீட்டுக்காரர் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் பத்திரத்தை. பட்டியல் கோப்பில்தான் இருக்கிறது, ஆனால் பேரப்பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்.

*

எல்லாருக்கும் நன்றி. வட கரோலினா நண்பர் எழுதியதை சம்பந்தியம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாசச்சூசெட்ஸில் அடிமைமுறை 1783 வாக்கில் நீதிமன்றத் தீர்ப்புகளால் முடிவுக்கு வந்தது என்றாலும், அதற்கு முன் இங்கேயும் இருந்தது. எங்கள் பெட்டியில் வராத முதல் தலைமுறைச் சொத்துப் பட்டியலையும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் போகிறோம்.

இன்னொன்று. போன ஞாயிறு மருமகனோடு அந்த நிலத்துக்கே போய்விட்டு வந்தேன். இலை துளிர்த்துவிட்டால் ஒன்றும் தெரியாது என்பதால் ஏப்ரலிலேயே போனோம். இப்போது முழுக்கக் காடு, ஆனால் உள்ளே கல்வேலிகள் அப்படியே ஓடுகின்றன. அந்த இடம் இன்றைக்கு இன்னொருவருக்குச் சொந்தம், முன்கூட்டியே அனுமதி கேட்டோம், அவரும் ஆர்வமாகக் கூடவே வந்தார். வெள்ளை ஓக் இல்லை, வேலி முக்கில் மக்கிய அடிமரம் ஒன்று இருந்தது, அதுதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கற்குவியல் இருக்கிறது, பாசி பிடித்து, முழங்கால் உயரம். நான் டேப் பிடிக்க, மருமகன் புதரில் நுழைந்து இழுத்தார். பத்திரத்தில் 32 ராட். எங்களுக்கு 33 வந்தது. அந்தக் காலத்தில் சங்கிலித் தொய்வுக்கென்று கொஞ்சம் தாராளமாகவே அளப்பார்கள், அதனால் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். அந்த நிலத்துக்காரர் தன் பக்கத்து எல்லையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதை அவர்களிடம் சொல்ல வேண்டாமே" என்றார்.