அப்பாவும் உருண்டைப் பலகையும்

பால்மரத்து மகள்:

எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நிறைய பேர் இருக்கும் தாமான் (குடியிருப்பு) ஒன்றில். அப்பாவுக்கு 71. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. கை நடுங்குவதற்கு முன்பே அவருடைய எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அதுவும் நோயின் அறிகுறிதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பிசியோவில் (உடற்பயிற்சி சிகிச்சையில்) பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. ஒரு வாரம் செய்தார். அப்புறம் "நான் என்ன ஸ்கூல் பிள்ளையா?" என்று விட்டுவிட்டார். பிறகுதான் அண்ணன் மகன் ஸ்டோரில் கிடந்த பழைய வீ (Wii) வீடியோ கேம் பெட்டியையும் வீ ஃபிட் பலகையையும் தூசி தட்டி எடுத்து வந்தான். பலகை 2007-இல் வந்த சாமான். ஏறி நின்றால் உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பலகைக்குத் தெரிந்துவிடும். டிவியில் ஒரு மேசை, அதன்மேல் உருண்டைகள். நாம் சாய்ந்தால் மேசை சாயும். உருண்டைகளை அப்படியே உருட்டிக் குழியில் தள்ள வேண்டும்.

முதல் நாளே அது அப்பாவைச் சோதித்துப் பார்த்து அவருடைய 'உடல் வயது' 84 என்று காட்டியது. அதை வாசித்துச் சொன்ன பேரனிடம் அன்று சாயங்காலம் வரை பேச்சில்லை.

ஆனாலும் உருண்டையை விடவில்லை. ஒன்று தவறினால் மறுபடியும், மறுபடியும். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான், பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. அது சரியாக மாறாததாலும்தான் கதவு நிலையில் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து நாம் அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும்.

பந்தைத் தலையால் முட்டும் விளையாட்டுதான் சரிவரவில்லை. நடுநடுவே சப்பாத்தும் (ஷூ) பாண்டா தலையும் பறந்து வரும், விலக வேண்டும். அப்பா எல்லாவற்றையும் முட்டினார். நான் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. சட்டென்று முடிவெடுக்க வைக்கும் விளையாட்டுகள் இந்த நோய்க்காரர்களுக்குக் கஷ்டம் என்று பிசியோ பிள்ளை சொன்னது. பிரேசில்காரர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வீ ஃபிட் விளையாட்டுகளில் ஏழு விளையாட்டுகளைப் பார்க்கின்சன் உள்ளவர்கள் மற்ற முதியவர்களைப் போலவே கற்றுக்கொண்டார்களாம்.

மூன்று மாதமாகிறது. நடுக்கம் குறையவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குளியலறைப் படியில் என் தோளைப் பிடிக்காமல் இறங்குகிறார்.

மூன்றாங்கட்டை அக்கா:

தங்கச்சி, பலகையில் ஏறுவதைவிட இறங்குவதைப் பாரம்மா. என் வீட்டுக்காரர் நன்றாக ஆடி முடித்துவிட்டு, பலகையில் நிற்கிறோம் என்பதையே மறந்து பின்னால் கால் வைத்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மணிக்கட்டு வீங்கியதோடு போனது மாரியம்மன் புண்ணியம். இப்போது முன்னால் கனமான நாற்காலி, பக்கத்தில் நான். காலில் ஸ்லிப்பர் கிடையாது.

அப்புறம், மருந்து நேரம். இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஆடினால் வேறு மனிதர், மருந்தின் வேகம் இறங்கிய பிறகு ஆடினால் வேறு மனிதர். கறியோ முட்டையோ நிறையச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் இவருக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. புரதம் குறுக்கே நிற்கும் என்று டாக்டர் விளக்கினார்.

ஓய்வு வாத்தியார்:

நோயாளியே பேசுகிறேன். உருண்டை எனக்கு இரண்டு மாதத்தில் சலித்துவிட்டது. பேரன் ஒருவன் எதிரில் போட்டிக்கு நின்றால்தான் ஓடும், தனியாக ஓடாது. இப்போது ஓடாத சைக்கிளில் மிதிக்கிறேன், எதிரே டிவியில் பாதை ஓடுகிறது. நெதர்லாந்தில் 130 பேரை வைத்து வீட்டிலேயே ஆறு மாதம் செய்த சோதனை 2019-இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு விளையாட்டோடு கூடிய சைக்கிள், மறு பாதிக்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி. சைக்கிள்காரர்களுக்கு உடல் அசைவு அவ்வளவாக மோசமாகவில்லை. அதைப் படித்த பிறகுதான் சைக்கிள் வாங்கினேன். ஆனால் சைக்கிள் கதவு நிலைக்கு உதவாது. அங்கே நான் வாய்க்குள் "இடது, வலது" என்று எண்ணிக்கொண்டுதான் தாண்டுகிறேன்.

பால்மரத்து மகள்:

சார், எண்ணச் சொன்னால் அப்பா கேட்க மாட்டார். கதவுக்கு முன்னால் தரையில் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டிவிட்டேன், கோட்டைத் தாண்டுவது போல் கால் எழுகிறது. ஒட்டியதைப் பார்த்ததும் "நிரை பிடிச்சுட்டியா?" என்றார், தோட்டத்து மர வரிசையைச் சொல்வது போல. அக்கா, நாற்காலி இன்றே போட்டுவிடுகிறேன்.

நேற்று பலகைக்கு நான்கு பேட்டரி மாற்றினோம். மறுபடியும் சோதித்தது. 79. பேரனைக் கூப்பிட்டு இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.