மறுமொழி: 'வன்பொருள் திறன்' வேண்டாம், 'கணிவலு' என்போம்

ஐயா, வணக்கம்.

> கேம் கன்சோலின் 'ஹார்ட்வெயார் பவர்' என்பதற்கு 'வன்பொருள் திறன்' போதுமே. புதுச்சொல் எதற்கு?

தமிழ்நாட்டில் போதும். கொழும்பில் இருந்து எழுதும் எங்களுக்குப் போதாது. இலங்கைப் பாடசாலைகளில் வேலை செய்யப்படும் வீதத்தை 'வலு' என்றுதான் படிக்கிறோம். உங்கள் குதிரைத்திறன் எங்களுக்குக் குதிரைவலு. 'திறன்' என்றால் இங்கே விளையாடுகிற பிள்ளையின் கெட்டித்தனம்தான் முதலில் நினைவுக்கு வரும். 'வினைத்திறன்' என்ற சொல்லும் உண்டு. ஒரு கேம் இருக்கிற வன்பொருளை வீணாக்காமல் பயன்படுத்துவதைச் சொல்ல அது வேண்டும். அதை இதற்குள் கலக்கக் கூடாது.

வெறும் 'வலு'வும் சரிவராது. கேம் பெட்டி எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்பதும் வலுதான். அதனால் அது மின்வலு, பெட்டி கணக்குப் போடும் வேகம் கணிவலு. அதை அளக்கும் அலகான டெராஃப்ளொப்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை இலட்சம் கோடி கணக்கீடுகள் என்ற கணக்கு. அதுவும் வீதம்தான் என்பதால் 'வலு' இயல்பாகவே பொருந்துகிறது.

இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் விலை. கொழும்பு பம்பலப்பிட்டியில் கடைக்குப் போனால் "இது பவர் கூட, அதுதான் விலையும் கூட" என்பார்கள். தகப்பன்மார் நம்பிவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. 2020இல் பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 499 டொலருக்கு வந்தது. டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் பெட்டி 399. இரண்டின் கணிவலுவும் ஒன்றே, சுமார் 10.3 டெராஃப்ளொப்ஸ். அதே ஆண்டு வந்த எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளொப்ஸ், 499 டொலர். சீரிஸ் எஸ் 4 டெராஃப்ளொப்ஸ், 299 டொலர். மூன்று மடங்கு கணிவலு, ஆனால் விலை இரண்டு மடங்குகூட இல்லை. அப்புறம் 2006: கணிவலுவில் மிகவும் பின்தங்கிய நின்டெண்டோ வீ 250 டொலருக்கு வந்து, 499க்கும் 599க்கும் வந்த பிளேஸ்டேஷன் 3ஐ விடக் கூடுதலாக விற்றது. அந்த பிளேஸ்டேஷன் 3ஐயும் சொனி தொடக்கத்தில் அடக்கவிலைக்குக் கீழேதான் விற்றது. கேம் விற்பனையில் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

எங்கள் ஊரில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2022இல் ரூபாய் விழுந்தபோது பெட்டிக்குள் ஒரு சிப் கூட மாறவில்லை, விலை மட்டும் ஏறியது. வரியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கணிவலுவுக்கும் விலைக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால்தான் வாங்குபவர் "எதற்காகக் கூடக் கேட்கிறீர்கள்?" என்று கடையில் நேராகக் கேட்க முடியும்.

'கணிப்புவலு' என்று நீட்டலாம் என்ற யோசனையையும் பார்த்தேன். பொருளில் குறை இல்லை. ஆனால் விலை அட்டையில் எழுதவும் வாயால் சொல்லவும் குறுகியதே நிற்கும். கலைச்சொல் பட்டியலில் 'கணிவலு'வைச் சேர்த்து, தமிழ்நாட்டு வாசகருக்காக 'கணித்திறன்' என்பதையும் பக்கத்தில் போடுங்கள். அலகு டெராஃப்ளொப்ஸ் அப்படியே இருக்கட்டும், அதைத் தமிழாக்க வேண்டாம்.