சிகாகோவில் ஃபுட் டிரக் போடப் போகிறீர்களா? வண்டி வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

சிகாகோ பக்கம் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வீட்டில் தோசை நன்றாக வரும், சாப்பிட்டவர்கள் எல்லாம் கடை போடச் சொல்கிறார்கள், ஓட்டல் வைக்கிற அளவுக்குக் கையில் பணம் இல்லை, அதனால் பழைய டிரக் ஒன்றை வாங்கி மதிய நேரத்தில் ஆபீஸ்கள் இருக்கும் தெருவில் நிறுத்தலாமா? சட்டப்படி ஃபுட் டிரக் நடத்தலாம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கிற அந்தத் தெருவில் அநேகமாக முடியாது, வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது 200 அடி விதி. தெரு மட்டத்தில் இருக்கும் எந்த உணவகத்தின் பிரதான வாசலிலிருந்தும் 200 அடிக்குள் டிரக்கை நிறுத்தக் கூடாது, நள்ளிரவு 12 முதல் 2 மணி வரை மட்டும் விலக்கு. அதில் யாருக்கு வியாபாரம் ஆகும் என்று கேட்காதீர்கள், பாரிலிருந்து கிளம்பி வருகிற கூட்டத்துக்குப் பரோட்டா போடலாம், அவ்வளவுதான். நம்மூரில் நாற்பதுக்கு அறுபது மனை ஐந்தை வரிசையாகப் போட்டால் எவ்வளவு முகப்பு வருமோ அதுதான் 200 அடி, கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் வாசலுக்கு இரண்டு பக்கமும் கணக்கு உண்டு, ஆக ஒரே ஒரு ஓட்டல் தெருவில் 400 அடியை விழுங்கிவிடும். சிகாகோவில் பிளாக் என்பது ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை, வழக்கமான நீள பிளாக் 660 அடி. இரண்டு ஓட்டல் தள்ளித் தள்ளி இருந்தால் பிளாக்கே முடிந்தது. அதோடு உணவகம் என்றால் மேஜை போட்டு இலை விரிக்கிற இடம் என்று நினைக்காதீர்கள், சாப்பாடு விற்கிற செவன் இலெவன் மாதிரிச் சில்லறைக் கடையும் இந்தக் கணக்கில் வந்துவிடும். டவுன்டவுன் லூப் பகுதியில் டேப் பிடித்து அளந்து பாருங்கள், மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரியும்.

இது அநியாயம் என்று வழக்குப் போட்டாயிற்று. கப்கேக் டிரக் நடத்திய லாரா பெகாரிக் 2012இல் கோர்ட்டுக்குப் போனார். 2019 மே மாதம் இல்லினாய் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஓட்டல்காரர் சொத்து வரி கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிலைத்திருக்கிறார், அவருக்கும் டிரக்குக்கும் இடையே நகராட்சி சமநிலை பார்ப்பது நியாயம்தான் என்கிற ரீதியில் வாதம். எனக்கு ஒப்புதல் இல்லை, ஓட்டலைப் போட்டியிலிருந்து காப்பாற்றுவது நகராட்சியின் வேலையா என்ன? ஆனால் என் கருத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அபராதம் கட்ட முடியாது. ஒரு மீறலுக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரை போடலாம், அதாவது ஒரு நாள் மதிய வியாபாரம் முழுவதும் போய் அதற்கு மேலும் கையிலிருந்து போகும்.

யாரும் பார்க்காத நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும், எல்லோருக்கும் வரும். ஆனால் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டுகிற ஜிபிஎஸ் கருவியை டிரக்கில் நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும், வியாபாரம் நடக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதையும் அந்த வழக்கில் எதிர்த்தார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை.

சரி, வேறு வழி? நகராட்சியே டிரக்குகளுக்கென்று ஒதுக்கிப் பலகை வைத்த ஸ்டாண்டுகள் இருக்கின்றன, அங்கே 200 அடி விதி கிடையாது. ஆனால் அந்த இடத்துக்கு மற்ற டிரக்குக்காரர்களும் வருவார்கள், மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டியிருக்கும். பொதுத் தெருவில் ஒரு பிளாக்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவும் முடியாது. கல்லைச் சூடேற்றி, சட்னியை எடுத்து வைத்து, வரிசை சேர்ந்து, அப்புறம் கழுவிக் கிளம்புவது எல்லாம் அந்த இரண்டு மணிக்குள்தான், அதனால் சுட்டு அடுக்க நேரம் எடுக்கிற ஊத்தப்பத்தை எல்லாம் மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

லைசென்ஸில் இரண்டு வகை. வெளியே சமைத்துப் பொட்டலம் கட்டியதை விற்பது ஒன்று, வண்டிக்குள்ளேயே சமைப்பது இன்னொன்று. 2012க்கு முன் சிகாகோவில் டிரக்குக்குள் சமைக்கவே அனுமதி இல்லை. தோசைக்கு இரண்டாவது வகைதான் வேண்டும், அதற்குத் தீயணைப்புத் துறையின் சோதனையும் சேரும். வீட்டுச் சமையலறையில் மாவரைத்து எடுத்துக்கொண்டு போக முடியாது. கமிசரி என்று சொல்கிற லைசென்ஸ் பெற்ற பொதுச் சமையல் கூடத்தோடு ஒப்பந்தம் வேண்டும், வண்டி தினமும் அங்கே போய்க் கழுவி, கழிவைக் கொட்டி, தண்ணீர் நிரப்ப வேண்டும். மாத வாடகைக் கணக்கில் இதை மறக்கிறவர்கள் அதிகம்.

விசா பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. எச்-1பி வேலை விசா என்பது மனுப் போட்ட கம்பெனிக்கு வேலை செய்ய மட்டுமே அனுமதி. டிரக் கம்பெனியில் முதலீடு போடலாம், ஆனால் சனிக்கிழமை ஜன்னலில் நின்று பில் போட்டால்கூட அது அனுமதியில்லாத வேலை, சம்பளம் வாங்கவில்லை என்பது பதிலாகாது. எச்-4 இஏடி, அதாவது எச்-1பி வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைக்கிற வேலை அனுமதி அட்டை, கையில் இருக்கும் துணைவர் சொந்தத் தொழில் செய்யலாம், ஆனால் அட்டை காலாவதியான அன்றைக்கு அவரும் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியதுதான். இதற்கு ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

நேப்பர்வில், அரோரா மாதிரிப் புறநகர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சிகாகோ லைசென்ஸ் அங்கே எதற்கும் உதவாது. ஒவ்வொரு ஊருக்கும் தனி விதி, அதற்கு மேல் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறை, அரோரா மட்டுமே நான்கு கவுன்டிகளில் பரவிக் கிடக்கிறது. ஊர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: தெருவில் நிற்கலாமா, தனியார் பார்க்கிங்கில் உரிமையாளர் கடிதத்தோடு நிற்கலாமா, ஒரு நாள் நிகழ்ச்சிக்கு மட்டும் அனுமதி உண்டா, எந்தக் கவுன்டியில் பெர்மிட் வாங்க வேண்டும். போனில் சொன்ன பதிலை நம்பி வண்டி வாங்காதீர்கள், எழுத்தில் வரட்டும்.